செண்பகவல்லி சொல்லாத வாக்கியம்

சாத்தனூரணியில் மழை பெய்யாத வருஷம் உண்டு, தேர் ஓடாத வருஷம் உண்டு, தீப்பெட்டி ஆபீஸ் சங்கு பழுதாகி ஊரே நேரம் தெரியாமல் முழித்த வருஷமும் ஒன்று உண்டு, ஆனால் குற்றாலிங்கம் கட்டுரை எழுதாத வருஷம் என்று ஒன்று கிடையவே கிடையாது. கூட்டுறவுப் பண்டகசாலையில் மண்ணெண்ணெய் அளவு சரிபார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் அந்த உத்தியோகத்தை உதறிவிட்டு, ‘ஆரண்யன்’ என்று பெயர் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். காட்டுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். குற்றாலத்தில் ஒருமுறை குரங்கு அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனது, அவ்வளவுதான்.

கதை எழுதமாட்டார், கவிதை எழுதமாட்டார். “நான் புனைவுக்காரன் இல்லை, நடந்ததை நடந்தபடி எழுதுகிறவன்” என்பார், சொல்லும்போதே கண்ணை லேசாக மூடிக்கொள்வார். ‘செம்பருந்து’ என்ற மாதப் பத்திரிகையில் ‘உள்ளது உள்ளபடி’ என்ற தலைப்பில் அவர் எழுதிய கட்டுரைகளில் ஊர் இருந்தது, தெரு இருந்தது, ஆட்கள் அவரவர் சொந்தப் பெயரோடும் சொந்தத் தொப்பையோடும் இருந்தார்கள். எல்லாம் நிஜம்தான், வாய் மட்டும்தான் அவர் கொடுத்தது. டீ ஆற்றுகிறவர், டிக்கெட் கிழிக்கிறவர், மாவு அரைக்கிறவர் எல்லாரும் அவர் கட்டுரையில் வாயைத் திறந்தால் முத்து உதிரும். நிஜத்தில் அவர்கள் “தள்ளி நில்லுங்க” என்பதற்கு மேல் அவரிடம் எதுவும் சொன்னதில்லை. “சொல்லியிருக்கக்கூடியதைத்தான் எழுதுறேன்யா, அதுக்குப் பேர் கலை” என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். யானைக்கு அல்வா கொடுத்து யானை சிரித்தது என்று எழுதுகிற ஜாதி.

அப்புறம் நடந்த அதிசயம் முதலில் பிச்சையா அண்ணாச்சியின் டீக்கடையில்தான் ஊர் கண்ணில் பட்டது. ஒரு மாதக் கட்டுரையில் அண்ணாச்சி கிளாஸை நீட்டிக்கொண்டே, “டீயும் மனுசனும் ஒண்ணுதான் தம்பி, கொதிச்சாத்தான் நிறம் தெரியும்” என்று சொன்னதாக ஆரண்யன் எழுதியிருந்தார். பத்திரிகை ஊருக்கு வந்துசேர்ந்த அன்று காலை, லாரி டிரைவர் ஒருவருக்கு டீயை நீட்டிய அண்ணாச்சி, அதே வாக்கியத்தை, அதே நிதானத்தில், எழுத்து பிசகாமல் சொன்னார். சொல்லிவிட்டுத் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த கிளாஸை நீட்டினார், மறுபடி அதே வாக்கியம். உள்ளூர் வட்டிக்கடைப் பெரியவர், வயது எண்பதைத் தாண்டியவர், அவரையும் ‘தம்பி’ என்றார். கிளாஸை நீட்டாமல் மேஜையில் வைத்துப் பார்த்தார், கை கிளாஸை விடும் நேரத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

ஊர் இதற்கு என்ன செய்தது என்கிறீர்களா? முதல் வாரம் சிரித்தது, இரண்டாம் வாரம் கோயிலில் திருநீறு வாங்கி அண்ணாச்சி நெற்றியில் பூசிப் பார்த்தது, அதற்கப்புறம் பழகிக்கொண்டது. விக்கல் வருகிறவனோடு பேசும்போது விக்கலுக்கு இடம் விட்டுப் பேசுவோம் இல்லையா, அந்த மாதிரி அவருடைய வாக்கியத்துக்கு இடம் விட்டு டீ குடிக்கப் பழகியது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் அந்த வாக்கியத்தைக் கேட்காமல் கிளாஸைத் தொடுவது ஆகாது என்று ஒரு சாஸ்திரமே உண்டாக்கிவிட்டார்கள். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்களை அழைத்துப்போய்க் காட்டினார்கள். அடுத்த மாதக் கட்டுரையில் வந்த பஸ் கண்டக்டர் அந்தோணி ஒவ்வொரு நிறுத்தத்திலும் விசில் ஊதிவிட்டு, “எல்லாருக்கும் இறங்குற எடம்னு ஒண்ணு இருக்குங்க” என்று சொல்லத் தொடங்கியபோது, ஆஸ்பத்திரிக்குப் போகிற வயசாளிகள், “காலங்காத்தால வாய அலம்புனியாடே நீ?” என்று ஏசிவிட்டு, பிறகு அவர்களும் பழகிப்போய்ப் பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ஏறினார்கள். ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருவர் மட்டும் ஆரண்யன் வீட்டுக்கு வந்து, “எனக்கும் நல்லதா ஒண்ணு எழுதிப் போடுங்க, செத்தபிறகு நாலு பேர் சொல்ற மாதிரி” என்று கேட்டுவிட்டுப் போனார்.

நம்ம ஆள் வெட்கப்பட்டாரா? வெட்கமா, அவரா! “புனைந்து எழுதுகிறார்” என்று மதுரையிலிருந்து ஒரு விமர்சகர் குற்றம் சொன்னபோது, பஸ் செலவு கொடுத்து அவரை வரவழைத்து டீக்கடையில் உட்காரவைத்து, “கேளுங்க, நீங்களே காதால கேளுங்க” என்றார். கேட்டார் விமர்சகர். இரண்டாவது டீயும் சொன்னார், இரண்டாவது தடவையும் கேட்டார். ஆரண்யனுக்குத் தலை கால் புரியவில்லை. தான் எழுதியதுதான் உண்மை, உலகம்தான் கொஞ்சம் தாமதமாக வந்து சேருகிறது என்று ஒரு கூட்டத்தில் பேசினார்.

அண்ணாச்சிக்குத்தான் பொறுக்கவில்லை. கடைசியில் ஒருநாள் வீட்டு வாசலில் வந்து நின்று, “சார், அன்னைக்கு நான் உங்ககிட்ட சொன்னது, ‘தள்ளி நில்லுங்க, அடுப்பு’. அதத் தவிர ஒரு சொல்லு பேசல. எழுதுன கையால மாத்தி எழுதுங்க” என்றார். ஆரண்யனும் வேண்டாவெறுப்பாக ஒரு திருத்தம் எழுதினார்: அண்ணாச்சி உண்மையில் சொன்னது இது. அது அச்சாகி ஊர் வாசித்த அன்றே அண்ணாச்சி வாய் விடுபட்டது. அடுத்த வாரமே கூட்டம் குறைந்தது. அதற்கடுத்த வாரம் அண்ணாச்சி மறுபடி வாசலில் வந்து நின்று, தலையைச் சொறிந்துகொண்டு, “பழையபடியே போட்டுருங்க சார்” என்றார். ஆக, ஒட்டியதைக் கழற்ற ஒரே வழி உள்ளதை உள்ளபடி அச்சில் போடுவதுதான் என்பது ஊருக்குத் தெரிந்துபோனது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்தில் யாருக்கும், கட்டிய புருஷனுக்கும்கூட, தெரியாமல்போன ஒன்று உண்டு. அந்த வியாதி அண்ணாச்சியிடம் ஆரம்பிக்கவில்லை. அது முதலில் பிடித்தது செண்பகவல்லியை.

செண்பகவல்லி ஆரண்யனின் மனைவி. அவருடைய முதல் கட்டுரையே அவளைப் பற்றியதுதான். வேலையை விட்ட அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாராம், அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாளாம், “உனக்கு என்ன வேணும் செண்பகம், சொல்லு” என்று அவர் கேட்டாராம், அவள் நிமிர்ந்து பார்த்து, “நீங்க இருக்கையில எனக்கு வேற என்னங்க வேணும்?” என்றாளாம். அவர் மௌனமாக அவள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாராம். அந்த ஒரு வாக்கியத்தில் தமிழ்நாட்டு ஆம்பிளைகள் பாதிப்பேர் அழுதார்கள். பெண்டாட்டிக்கு வாசித்துக் காட்டி, “பாத்தியா, இவளும் பொம்பளதான்” என்றார்கள். அது பரிசு வாங்கியது, ஒரு கல்லூரியில் பாடமாயிற்று, அவருடைய பிழைப்பே அந்த வாக்கியத்தின் மேல்தான் நின்றது.

அன்றிலிருந்து யார் அவளிடம் “என்ன வேணும்?” என்று கேட்டாலும், அவளாகவே ‘எனக்கு இது வேணும்’ என்று தொடங்கினாலும், அவள் வாயிலிருந்து அந்த வாக்கியம்தான் வந்தது. மற்றபடி பேச்சுக்குக் குறைவில்லை, உப்பு போதுமா என்பாள், மோட்டார் ஓடுது என்பாள், ஏசவும் செய்வாள். வேணும் என்பது மட்டும் வாயில் வராது. ஆனால் டீக்கடைக்காரர் தத்துவம் பேசினால் ஊர் கூடிப் பார்க்கும், பெண்டாட்டி தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றால் எவன் திரும்பிப் பார்ப்பான்? நல்ல பிள்ளை, தங்கமான பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போவான். காய்கறி வண்டிக்காரன் “என்ன மதினி வேணும்?” என்று கேட்பதற்குள் அவள் கையை நீட்டி வெண்டைக்காயைத் தொட்டுவிடுவாள். இல்லையென்றால் அவனைப் பார்த்து நீங்க இருக்கையில எனக்கு வேற என்ன வேணும் என்று சொல்லவேண்டிவருமே, மானம் போகாதா! அப்படியே வருஷங்கள் ஓடின.

செண்பகவல்லியின் அப்பா காலமாகி வருஷம் திரும்பியதும், அவளுடைய அண்ணன் வேலாயுதம் சொந்தபந்தங்களைக் கூட்டி அப்பா வீட்டில் பங்குப் பேச்சு வைத்தார். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பங்கு பிரிக்கிறபோது பெண்பிள்ளையை நடுவில் உட்காரவைத்து, பெரியப்பா ஒரே ஒரு தடவை கேட்பார், அவள் சொல்வதுதான் கடைசிச் சொல்.

“செம்பகம், ஒனக்கு என்னம்மா வேணும்?” என்று பெரியப்பா கேட்டார்.

அவள் பல்லைக் கடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்தினாள். அப்புறம் வந்தது: “நீங்க இருக்கையில எனக்கு வேற என்னங்க வேணும்?”

அண்ணன் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். “எந்தங்கச்சி எந்தங்கச்சிதான்!” என்று மார்பில் தட்டிக்கொண்டார். தை பிறந்ததும் பதிவாபீசில், தனக்குப் பங்கு வேண்டாம் என்று அவள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடுவது என்று முடிவாயிற்று. செண்பகவல்லி ஒரு துண்டுத் தாளில் எதையோ எழுதி நீட்டினாள். அண்ணன் அதைப் படிக்கக்கூட இல்லை, “அந்த வீட்டுல பேப்பர்ல வர்றதெல்லாம் மாப்ள கைவேல. நீ வாயால சொன்னதுதான் சத்தியம்” என்று கிழித்துப்போட்டார். கூடத்தில் ஒரு ஓரமாக மிக்சர் தின்றுகொண்டிருந்த ஆரண்யன் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். தான் எழுதிய வாக்கியம் பெண்டாட்டியின் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருப்பதை அந்த மனுஷன் அன்றைக்குத்தான் பார்த்தார். கையிலிருந்த மிக்சரைத் தட்டிலேயே திரும்பப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும், “செண்பகம், நீயுமா? எப்பலேர்ந்து?” என்றார்.

அவள் கரண்டியை எறிந்தாள். குறி தப்பவில்லை.

வழிதான் தெரிந்ததாயிற்றே, அன்று அவள் உண்மையில் சொன்னதை அச்சில் போட்டால் தீர்ந்தது. ஆரண்யன் நெற்றியில் வீக்கத்தோடு உட்கார்ந்து யோசித்தார். அரிசி ஞாபகம் வந்தது. முறம் ஞாபகம் வந்தது, ஜன்னலில் விழுந்த வெயில்கூட ஞாபகம் வந்தது. அவள் சொன்னது மட்டும் ஞாபகம் வரவில்லை. எப்படி வரும்? அவள் பேசிக்கொண்டிருந்த அந்த நேரம் பூராவும் இவர் மனசுக்குள் அந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டல்லவா இருந்தார்! அவளையே கேட்கலாம் என்றால், அவள் அன்று சொன்னதும் ஏதோ ‘வேணும்’ என்பதுதான் போலிருக்கிறது, வாயைத் திறந்தாள், மறுபடி அதே வாக்கியம். எழுதிக் காட்டு என்று பேனாவை நீட்டினார். அவள் பேனாவை ஜன்னல் வழியாக எறிந்தாள். ஒருமுறை எழுதிக் கிழிபட்டது போதும், நீங்களாகவே கண்டுபிடியுங்கள் என்று அர்த்தம்.

அவர்கள் இருந்தது காம்பவுண்டு வீடு, ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடித்தனம். பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா குழாயடியில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய்க் குழைந்து நின்றார்.

“ஏன்ணே, இதக் கேக்க இத்தன வருஷமா? அன்னைக்கு அவ போட்ட சத்தம் காம்பவுண்டு பூராவும் கேட்டுச்சே,” என்றாள் ரெஜினா. “‘வேலைய விடணும்னா விடுங்க, ஆனா நான் சும்மா குத்தவெச்சிருக்க மாட்டேன். எங்கப்பா வீட்டு முன்ரூமும் வாசலும் எனக்கு வேணும். பொம்பளைகளுக்கு ஸ்கூட்டர் ஓட்டப் பழக்கிக் குடுக்கப்போறேன். எங்கண்ணன்கிட்ட நீங்க பேசுங்க. நான் சொல்றது கேக்குதா உங்களுக்கு?’ இதான் சொன்னா.”

“நான் என்ன சொன்னேன்?”

“நீங்க ‘ம்’முன்னீங்க.”

குழாயடியில் நின்ற மற்ற பெண்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மோட்டார் போட வந்த வீட்டுக்காரருக்கும் தெரிந்திருந்தது. சாத்தனூரணியில் நடந்ததை நடந்தபடி எழுதுகிற ஒரே ஆளுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

சரி, எழுதிப் போடவேண்டியதுதானே? அங்கேதான் சனியன் பிடித்தது. இதை அப்படியே போட்டால் பரிசு என்னாகும், பாடம் என்னாகும், ஆரண்யன் என்னாவார்? ஸ்கூட்டர் என்ற சொல்லே அவருக்கு உறுத்தியது, அதில் ஒரு கவித்துவமும் இல்லை. மனசாட்சியும் கலையும் இரண்டும் கெடாமல் ஒரு திருத்தம் எழுதி ‘செம்பருந்து’க்கு அனுப்பினார். பத்திரிகை வந்த அன்று காலை, வண்டிக்காரன் அசந்தாற்போல், “என்ன மதினி வேணும்?” என்று கேட்டுவிட்டான். செண்பகவல்லி ஆவலோடு வாயைத் திறந்தாள்.

“எனக்கொரு சிறகு வேண்டும். கூண்டைத் திறந்துவிடுங்கள், வானத்தைக் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கிறேன்.”

வண்டிக்காரன் தராசைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குள் குனிந்து தேடினான். “முருங்கையும் சொரக்காயும்தான் இருக்கு மதினி” என்றான்.

அவள் வீட்டுக்குள் வந்தாள். கத்தவில்லை, கரண்டியை எடுக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். “ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நான் சொன்னத நான் சொன்ன மாதிரி எழுத முடியலயா உங்களால? அப்படி என்னங்க அசிங்கமாவா பேசிட்டேன்?” என்றாள். ஆரண்யனுக்கு அழுகை வந்தது, அவமானமாக இருந்தது, எழுதத் தொடங்கிய நாளிலிருந்து முதல்முறையாகத் தன் கையைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

பதிவுக்கு நாள் நெருங்கிவிட்டது. அடுத்த இதழ் வரும்வரை பொறுக்கமுடியாது, ஆசிரியரும் போனில், “திருத்தத்துக்குத் திருத்தமா? அந்தக் கட்டுரையே உங்க முகவரி சார், அதைக் கொளுத்தப்போறீங்களா?” என்று கேட்டு வைத்துவிட்டார். எதில் அச்சடித்தால் என்ன, ஊர் வாசித்தால் போதும் என்று ஆரண்யன் பஜாரில் இருந்த அச்சகத்துக்கு ஓடினார். ரெஜினா அக்காவைக் கூடவே கூட்டிப்போய், அவள் சொல்லச் சொல்ல, ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் அடிக்கச் சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் ‘மாலை வெயிலில்’ என்று சேர்க்கலாமா என்று நாக்கு அரித்தது. ரெஜினா பார்த்த பார்வையில் நாக்கை இழுத்துக்கொண்டார்.

அச்சகத்தில் அவசரத்துக்குத் தயாராக இருந்தது கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் மாதிரி ஒன்றுதான். கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் வட்டத்துக்குள் போட்டோ. அதிலேயே அடித்தார்கள். மறுநாள் விடியலில் ஊர்ச்சுவர் எங்கும் ஆரண்யன் வட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே: ‘நான் எழுதியது தவறு. என் மனைவி சொன்னது இதுதான்.’ அதற்குக் கீழே அந்தப் பேச்சு பூராவும். அதற்கும் கீழே: ‘நான் சொன்னது: ம்.’

ஊர் வழக்கம்போல இதையும் ஏற்றுக்கொண்டது. பாதிப்பேர் கறுப்புக் கரையைப் பார்த்துவிட்டு மாலையோடு வந்துவிட்டார்கள். வந்தவர்களுக்கு அவரே கதவைத் திறந்துவிட்டார். “நல்லா இருந்த மனுசன்” என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்ததை வீணாக்குவானேன் என்று மாலையை அவர் கழுத்திலேயே போட்டுவிட்டுப் போனார்கள். தலைமையாசிரியர் போஸ்டரை இரண்டு தடவை படித்துவிட்டு, “என் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கிறேன்” என்றார்.

அன்று மதியமே பதிவாபீஸ். போஸ்டரைப் பார்க்காதவர் வேலாயுதம் ஒருவர்தான், அவர் அன்று உள்ளூரில் இல்லை, நேராகப் புதுவேட்டியோடு வந்திறங்கினார். சார்பதிவாளர் அம்மா பத்திரத்தைப் புரட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகச் செண்பகவல்லியைப் பார்த்தார்.

“ஏம்மா, மனசாரத்தான் விட்டுக்குடுக்குறியா? உனக்கு எதுவும் வேணுமா, வேண்டாமா?”

ஆரண்யன் நுனிக்காலில் நின்றார். ஒரு எழுத்து பிசகியிருந்தால்? ரெஜினா ஒரு சொல்லை மறந்திருந்தால்? செண்பகவல்லி ஓரடி முன்னால் வந்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள், தொண்டையைக் கையால் தடவிக்கொண்டாள்.

“வேணும்,” என்றாள்.

சொல்லிவிட்டு அவளே அதைக் காதால் கேட்டாள். அப்புறம் பிடித்தாள் பாருங்கள்! “எனக்கு முன்ரூம் வேணும். வாசல் வேணும். நான் ஸ்கூட்டர் பழக்கப்போறேன். வீடு பூராவும் நீயே வெச்சிக்க அண்ணே, வேண்டாங்கல, அந்த முன்ரூமையும் வாசலையும் எனக்கு எழுதிக் குடு. குடுக்கலன்னா கையெழுத்துக் கெடயாது. அப்பா உசுரோட இருக்கையிலயே கேட்டிருப்பேன், வாய் வரல.” வேலாயுதம் முதலில் சிரித்தார், பிறகு முறைத்தார், பிறகு பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா, “அன்னைக்குச் சொன்னது மாப்ளயோட பேச்சுடா. இன்னைக்குத்தான் நம்ம புள்ள பேசுது. இதான் கடைசிச் சொல்லு” என்றார். பத்திரம் திருத்தி எழுத வெளியே போயிற்று.

எல்லாரும் பெஞ்சில் காத்திருந்தபோது, செண்பகவல்லி புருஷன் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

“அன்னைக்குச் சாயங்காலம் நான் என்ன சொன்னேன், நீங்க சொல்லுங்க பாப்போம்.”

ஆரண்யன் எழுந்து நின்றார், பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி. வேலையை விடணும்னா விடுங்க என்றாய், சும்மா குத்தவெச்சிருக்க மாட்டேன் என்றாய், முன்ரூமும் வாசலும் வேணும் என்றாய், ஸ்கூட்டர் பழக்கப்போறேன் என்றாய், அண்ணன்கிட்ட பேசுங்க என்றாய். வெயில் சேர்க்கவில்லை, முறம் சேர்க்கவில்லை, சிறகு கிறகு எதுவும் சேர்க்கவில்லை. முடித்துவிட்டுப் பரிசு வாங்கப்போகிறவர் மாதிரி அவளைப் பார்த்தார்.

“கடைசியில ஒண்ணு கேட்டேன். அத விட்டுட்டீங்க,” என்றாள்.

“என்ன கேட்ட?”

“நான் சொல்றது கேக்குதா உங்களுக்குன்னு கேட்டேன்.”

‘ம்’ என்று வாய்வரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினார். சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, பத்திரம் எழுதுகிறவர் மேஜையில் வைத்துவிட்டு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கேக்குது செண்பகம்,” என்றார்.